ஏபெல் டாஸ்மன் தேசியப் பூங்கா: நடக்க, டென்ட் போட, கயாக் ஓட்ட முதல்முறை போகிறவர்களுக்கு

நியூஸிலாந்தின் தெற்குத் தீவில், வடக்கு முனையில் இருக்கிறது ஏபெல் டாஸ்மன் தேசியப் பூங்கா. அந்த நாட்டுத் தேசியப் பூங்காக்களிலேயே பரப்பில் சிறியது. பொன்னிற மணல், பச்சைக் கடல், கரையை ஒட்டியே போகும் 60 கிலோமீட்டர் நடைபாதை. செங்குத்தான ஏற்றங்கள் இல்லை. மலையேறிப் பழகாதவர்களும் தோளில் பையோடு நடந்துவிடலாம்.

நடைக்கு முந்தைய ஏற்பாடுகள்தான் தலையைச் சுற்ற வைக்கின்றன. தங்குமிட முன்பதிவு ஓரிடம், படகு ஓரிடம், துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு படகான கயாக் வேறிடம், விசா இன்னோரிடம். எதை முதலில் செய்வது, எது எதைப் பொறுத்தது என்று ஒரே இடத்தில் எனக்குச் சொல்ல ஆள் இல்லை. தேடித் தேடித்தான் சேர்த்தேன். அந்த வரிசையை அப்படியே இங்கே தருகிறேன்.

1. தேதி குறிக்கும் முன் டைடு டேபிளைத் திறங்கள்

எல்லோரும் முதலில் விமான டிக்கெட் பார்ப்பார்கள். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது கடல் ஏறி வடியும் நேர அட்டவணை. இந்தக் கரையில் கடல் மட்டம் நான்கு மீட்டர் வரை ஏறி இறங்கும். பாதை நடுவே அவரோவா என்று ஒரு கழிமுகம் இருக்கிறது. அதற்குப் பாலம் கிடையாது, சுற்றுவழியும் கிடையாது. கடல் வற்றும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பிருந்து, வற்றிய பின் இரண்டு மணி நேரம் வரைதான் நடந்து கடக்க முடியும். மதியம் 1 மணிக்கு முழுதாக வற்றுகிறது என்றால் 11:30 முதல் 3:00 வரை. அந்த நேரத்தை விட்டால் அடுத்த வற்றம் வரை கரையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

வற்றம் ஒரு நாளில் இரண்டு முறை வரும், சுமார் பன்னிரண்டரை மணி நேர இடைவெளியில். மறுநாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். ஆகவே உங்கள் பயணத்தை மூன்று நான்கு நாள் முன்னே பின்னே நகர்த்தினாலே எல்லாம் சரியாகிவிடும். டிக்கெட் எடுத்த பிறகு இதைப் பார்த்தால் நகர்த்த வழியிருக்காது.

தெற்கிலிருந்து வடக்கே நடந்து, அவரோவாவில் இரவு தங்கி, காலையில் கடப்பது உங்கள் திட்டம் என்றால் வற்றம் காலை 8 முதல் 11 மணிக்குள் விழும் நாளைத் தேடுங்கள். உங்கள் தேதிகளில் வற்றம் பிற்பகலில்தான் வருகிறதா? திசையைத் திருப்புங்கள். காலைப் படகில் வடக்கே டோட்டரானுயி வரை போய் இறங்கி, அங்கிருந்து தெற்கு நோக்கி நடந்தால் ஏழு கிலோமீட்டரில் அவரோவா வரும். மதியம் ஒன்று, இரண்டு மணிக்குக் கழிமுகக் கரையில் இருப்பீர்கள். பலருக்கு இந்த ஒரு மாற்றமே போதும்.

ஒரு கண்ணி: நியூஸிலாந்தில் செப்டம்பர் கடைசி ஞாயிறு முதல் ஏப்ரல் முதல் ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்திவிடுவார்கள். சில அட்டவணைகள் இந்தக் கோடை நேரத்தைச் சேர்க்காமல் அச்சிடப்பட்டிருக்கும். பக்கத்தின் அடியிலுள்ள குறிப்பைப் படித்து, தேவையானால் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

2. எவ்வளவு தூரம், எத்தனை நாள்

முழுப் பாதை தெற்கே மாரஹாவ் என்ற சிற்றூரில் தொடங்கி வடக்கே வைனுயியில் முடிகிறது. வழக்கமான பகுதிகள் இவை:

மாரஹாவ் – ஆங்கரேஜ்: 12.4 கி.மீ., சுமார் நான்கு மணி நேரம்.
ஆங்கரேஜ் – பார்க் பே: கடல் வற்றியிருந்தால் 8.4 கி.மீ.; ஏறியிருந்தால் டோரன்ட் பேயைச் சுற்றி 11.5 கி.மீ.
பார்க் பே – அவரோவா: 13.5 கி.மீ., நான்கரை மணி நேரம்.
அவரோவா – ஃபரிஃபரங்கி: 16.9 கி.மீ., ஐந்தரை மணி நேரத்துக்கு மேல்.
ஃபரிஃபரங்கி – வைனுயி: 5.7 கி.மீ., இரண்டு மணி நேரம்.

முழுவதும் நடக்க மூன்று முதல் ஐந்து நாள். முதல்முறை போகிறவர்களுக்கு என் யோசனை வேறு. ஆங்கரேஜில் ஓர் இரவு, பார்க் பேயில் ஓர் இரவு. மூன்றாம் நாள் காலை இரண்டு மணி நேரம் நடந்து ஒனெடாஹூட்டி கடற்கரைக்குப் போய்ப் படகில் திரும்புங்கள். அவரோவாவைத் தொடவே வேண்டாம் என்பதால் கடல் நேரம் உங்களை விரட்டாது. பூங்காவின் மிக அழகான வளைகுடாக்களும் ஃபால்ஸ் ரிவர் தொங்குபாலமும் இந்தப் பகுதியிலேயே வந்துவிடும். டோரன்ட் பேக்கு மட்டும் வற்றத்தைப் பாருங்கள். அங்கே சுற்றுவழி இருப்பதால் நேரம் தவறினாலும் கூடுதலாக மூன்று கிலோமீட்டர் நடை, அவ்வளவுதான். அந்தச் சுற்றுவழியில் போனால் கிளியோபாட்ரா பூல் என்ற பாறைக் குளத்துக்குப் பிரியும் பாதையும் கிடைக்கும். கோடையில் அதற்காகவே சுற்றிப் போகலாம்.

பூங்கா ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். டிசம்பர் கடைசியும் ஜனவரியும் உள்ளூர்ப் பள்ளி விடுமுறை. இடம் கிடைப்பது கடினம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கடல் இன்னும் இளஞ்சூடாக இருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும். ஆனால் அந்த மாதங்களில் குளவிகள் அதிகம். கொட்டினால் ஒவ்வாமை வரும் உடம்பு என்றால் மருந்து கையில் இருக்கட்டும்.

3. விசா, வரி, வருகை அறிவிப்பு

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசிட்டர் விசா வேண்டும், ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட் நீங்கள் நியூஸிலாந்தை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். செலவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரம் மாதத்துக்கு 1,000 நியூஸிலாந்து டாலர் கணக்கில் கேட்பார்கள். தங்குமிடத்துக்கு முன்கூட்டியே பணம் கட்டியிருந்தால் 400 டாலர் கணக்கு. ஆங்கிலத்தில் இல்லாத ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். வேலை, குடும்பம், சொத்து என ஊர் திரும்புவதற்கான காரணங்களைக் காட்டும் காகிதங்களையும் சேர்த்து வையுங்கள். முடிவு வர வாரக்கணக்கில் ஆகலாம் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட் என்றால் விசா வேண்டாம். மின்னணு அனுமதி போதும். அதிகாரபூர்வச் செயலியில் எடுத்தால் 17 டாலர், இணையத்தில் எடுத்தால் 23 டாலர். வழங்க 72 மணி நேரம் வரை ஆகலாம். இரண்டு ஆண்டுகள் செல்லுபடியாகும். இதனுடன் சுற்றுலாப் பயணி வரி 100 டாலரும் சேரும். 2024 அக்டோபரில் 35 டாலரிலிருந்து இப்படி உயர்த்தினார்கள்.

ஆஸ்திரேலியா வழியாக விமானம் மாறுகிற இந்திய பாஸ்போர்ட்காரர்கள் டிரான்ஸிட் விசாவை மறந்துவிடாதீர்கள். 771 என்ற எண் கொண்ட வகை, கட்டணம் இல்லை. ஆனால் அது இல்லாவிட்டால் சென்னையிலேயே விமானத்தில் ஏற்றமாட்டார்கள்.

கடைசியாக, பயணி அறிவிப்புப் படிவம். பயணத்துக்கு 24 மணி நேரம் முன்பிருந்து ஆன்லைனில் நிரப்பலாம், முற்றிலும் இலவசம். இதற்கும் மின்னணு அனுமதிக்கும் கூடுதல் பணம் பிடுங்கும் இடைத்தரகு இணையதளங்கள் தேடலில் மேலே வந்து நிற்கும். இணைய முகவரியில் நியூஸிலாந்து அரசுக்குரிய ‘.govt.nz’ என்ற முடிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே அட்டை எண்ணைப் போடுங்கள்.

இந்தப் படிவத்தில் டென்ட், நடைச் செருப்பு, ஷூ, உணவு எல்லாவற்றையும் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் மாட்டினால் 400 டாலர் அபராதம், அந்த இடத்திலேயே. ஷூவின் அடிப்பள்ளங்களில் காய்ந்த மண், டென்ட் மடிப்பில் புல் விதை ஒட்டியிருந்தால் எடுத்துச் சுத்தம் செய்யச் சொல்வார்கள். பழைய பல்துலக்கி ஒன்றை எடுத்து, வீட்டிலேயே ஷூவைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்துவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், தேன் வேண்டாம். வீட்டுப் பொடி, ஊறுகாய் கொண்டுபோக மனமிருந்தால் ஒளிக்காமல் ‘உணவு இருக்கிறது’ என்று குறியுங்கள். அறிவித்த பொருளுக்கு அபராதம் கிடையாது, அதிகபட்சம் எடுத்துக்கொள்வார்கள்.

4. ஹட்டா, டென்ட்டா: முன்பதிவு

பூங்காவை நடத்துவது அந்நாட்டின் இயற்கைப் பாதுகாப்புத் துறை. எல்லோரும் ‘டாக்’ என்றே சொல்வார்கள். அவர்களுடைய முன்பதிவுத் தளத்தில் கணக்குத் தொடங்கி, ஒவ்வோர் இரவுக்கும் இடம் பிடிக்க வேண்டும். ஆண்டின் எந்த மாதமானாலும், ஹட்டானாலும் (பலர் சேர்ந்து தங்கும் குடில்) டென்ட்டானாலும், முன்பதிவு கட்டாயம். குழந்தைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ‘போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது இங்கே நடக்காது. குறித்த இடம் தவிர வேறெங்கும் டென்ட் போடக்கூடாது, காவலர்கள் சோதிப்பார்கள்.

கரையோரப் பாதையில் நான்கு ஹட்கள்: ஆங்கரேஜ் (34 படுக்கை), பார்க் பே (34), அவரோவா (26), ஃபரிஃபரங்கி (20). படுக்கையில் மெத்தை இருக்கும், தூங்கும் பை நீங்கள் கொண்டுபோக வேண்டும். கழிப்பறை, தண்ணீர், குளிர்காய அடுப்பு உண்டு. சமைக்க அடுப்பு இல்லை, பாத்திரமும் இல்லை. இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன், ஏனென்றால் நியூஸிலாந்தின் வேறு சில பிரபலப் பாதைகளில் கோடைக்காலத்தில் ஹட்டிலேயே காஸ் அடுப்பு வைத்திருப்பார்கள். அதைப் படித்துவிட்டு இங்கே வருகிறவர்கள் நூடுல்ஸ் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

டென்ட் இடங்கள் பல, கரை நெடுக. கட்டணம் ஹட்டில் ஒரு படுக்கைக்கு ஆவதில் ஏறத்தாழ பாதி அல்லது அதற்கும் குறைவு. சீசனைப் பொறுத்துத் தொகை மாறும். தேதியை உள்ளிட்டால் உங்களுக்கான தொகை திரையில் வந்துவிடும். மழைக்கு அஞ்சாதவர் என்றால் டென்ட்டைத்தான் சொல்வேன். காசு மிச்சம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஹட் இல்லாத சின்னச் சின்ன வளைகுடாக்களில் தங்க முடிவது. ஆங்கரேஜுக்குப் பக்கத்திலேயே இருக்கும் டெ புகாட்டியாவில் இடங்கள் மிகக் குறைவு, அதனால் இரவு அவ்வளவு அமைதி.

விசா வருமுன் இடம் பிடிக்கலாமா என்று கேட்பார்கள். பிடியுங்கள், ஆனால் ரத்து விதியை முதலில் படியுங்கள். எவ்வளவு முன்னால் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதைக் குறித்துக்கொண்டு, விசா விண்ணப்பத்தை அந்தத் தேதிக்கு வெகு முன்பாகவே போட்டுவிடுங்கள்.

5. கயாக்: எத்தனை பேர், எந்தப் பக்கம், எந்த நேரம்

கயாக் வாடகை நிறுவனங்கள் மாரஹாவிலும் கைட்டெரிட்டெரியிலும் இருக்கின்றன. வழிகாட்டியோடு போவது ஒரு வகை. கயாக்கை மட்டும் எடுத்து நீங்களே ஓட்டுவது மற்றொன்று. இரண்டாவதில் பெரும்பாலும் இருவர் ஓட்டும் கயாக்தான் தருவார்கள். தனியாகப் போகிறவருக்குத் தருவதில்லை. தனியாள் என்றால் வழிகாட்டிக் குழுவில் சேர வேண்டும். நீங்களே ஓட்டும்போது கரையில் ஒரு பயிற்சி உண்டு, அதற்குக் காலையில் நேரம் ஒதுக்குங்கள். வடக்கே எந்த எல்லை வரை போகலாம் என்று ஒவ்வொரு நிறுவனமும் ஒரு கோடு போட்டிருக்கும். தங்குமிடம் பிடிக்கும் முன் அதைக் கேளுங்கள். எல்லைக்கு அப்பால் டென்ட் இடம் பிடித்துவிட்டு மாற்ற அலைய வேண்டாம்.

முன்பின் துடுப்புப் பிடிக்காதவர்கள் முதல் நாள் வழிகாட்டியோடு போவதே நல்லது. வெளியே பார்த்தால் குளம் மாதிரி கிடக்கும் கடல், மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்பியதும் ஆளே மாறிவிடும். ஆங்கரேஜுக்குத் தெற்கே பாறை முனைகளை ஒட்டிய ஒரு நீட்டத்துக்கு உள்ளூர்க்காரர்கள் ‘மேட் மைல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அலை பாறையில் மோதித் திரும்பி, எதிரே வரும் அலையோடு குழம்பும் இடம்; ஒதுங்கக் கரையும் சட்டென்று கிடைக்காது. அதைக் காலையிலேயே தாண்டிவிடுங்கள். பயிற்சியாளர் ‘இன்று வேண்டாம்’ என்று சொன்னால் வாதாடாதீர்கள். காற்றால் பயணம் ரத்தானால் பணம் திரும்புமா, நாள் மாற்றித் தருவார்களா என்பதை மட்டும் பணம் கட்டும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கயாக்கின் வயிற்றில் பெரிய முதுகுப்பை நுழையாது. பொருட்களைச் சின்னச் சின்ன நீர்புகாப் பைகளில் பிரித்துக் கட்ட வேண்டும். கனமானவை நடுவில், தூங்கும் பை நுனியில். இரவில் கயாக்கைக் காய்ந்த கடற்பாசிக் கோட்டுக்கும் மேலே தூக்கி வைத்து, மரத்தில் கட்டுங்கள். அந்தக் கோடு வரைதான் கடல் ஏறும் என்று நம்பி விட்டவர்களின் கயாக் விடியும்போது மிதந்துகொண்டிருக்கும்.

கடல்வழி மட்டுமே போகக்கூடிய டென்ட் இடங்களும் உண்டு. மஸ்கிட்டோ பே அப்படி ஒன்று. நடைப்பயணிகள் வரமாட்டார்கள். டோங்கா தீவைச் சுற்றி 1993 முதல் கடல் காப்பகம். மீன் பிடிக்கவோ சிப்பி எடுக்கவோ கூடாது. பாறைகளில் ஃபர் சீல் என்ற கடல் விலங்குகள் படுத்திருக்கும். 20 மீட்டர் தள்ளியே நில்லுங்கள், குட்டி தானாக நீந்தி வந்தாலும் கைநீட்டாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சேர்க்கை: ஒரு பாதி கயாக், மறு பாதி நடை. ஆங்கரேஜ் அல்லது பார்க் பே வரை துடுப்புப் போட்டு, கயாக்கை நிறுவனத்தின் படகில் ஏற்றி அனுப்பிவிட்டு, அங்கிருந்து நடக்கலாம். இதற்கென்றே சேர்த்து விலை சொல்வார்கள். தனித்தனியாக எடுக்கும் முன் அதைக் கேட்டுப் பாருங்கள்.

6. வாட்டர் டாக்ஸியும் நெல்சனிலிருந்து போகும் வழியும்

ஆக்லாந்து அல்லது வெலிங்டனிலிருந்து நெல்சனுக்கு விமானம். அங்கிருந்து மோட்டுவேகா வழியாக மாரஹாவுக்குச் சாலையில் ஒன்றேகால் மணி நேரம். வண்டி வாடகைக்கு எடுத்தால் நம் ஊர் ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில் இருந்தால் போதும், சாலையின் இடப்பக்கம்தான். டோட்டரானுயிக்கும் வண்டி போகும், ஆனால் குறுகலான ஜல்லிச் சாலை, புதியவர்களுக்கு வேண்டாம்.

பூங்காவுக்குள் பேருந்துபோல ஓடுவது வாட்டர் டாக்ஸி. மாரஹாவில் படகு கரையிலேயே டிராக்டர் இழுவையில் நிற்கும். ஊருக்குள்ளேயே ஏறி உட்கார்ந்து, சாலை வழியே போய், படகோடு கடலில் இறங்குவீர்கள். வழியில் இறங்குமிடங்களில் துறைமேடை கிடையாது. மணலில் மூக்கை வைப்பார்கள், முழங்கால் நனைய இறங்க வேண்டும். ஷூவைக் கழற்றிப் பையில் தொங்கவிடுங்கள். திட்டமிட்ட படகுகள் டோட்டரானுயி வரைதான். அதற்கு வடக்கே நடந்து வைனுயியில் முடித்தால், டாகாகா மலையைத் தாண்டி மாரஹாவுக்குத் திரும்ப வண்டி தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். ஒருநாள் நடையும் செலவும் இதில் கூடும்.

7. பையில் என்ன

காஸ் குப்பியை விமானத்தில் கொண்டுபோக முடியாது. நெல்சனிலோ மோட்டுவேகாவிலோ வாங்குங்கள். அடுப்புத் தலையை மட்டும் ஊரிலிருந்து, துடைத்துச் சுத்தமாகக் கொண்டுபோகலாம். உணவு முழுவதும் சுமந்தே போக வேண்டும், குப்பை முழுவதும் சுமந்தே திரும்ப வேண்டும். குப்பைத் தொட்டி எங்கும் இல்லை. ஆங்கரேஜிலும் பார்க் பேயிலும் சுத்திகரித்த தண்ணீர் வரும். மற்ற இடங்களில் கொதிக்க வையுங்கள் அல்லது வடிகட்டுங்கள்.

மழைச்சட்டை, கம்பளிச் சட்டை, நெற்றி விளக்கு, தொப்பி, சன்ஸ்கிரீன். அந்த நாட்டு வெயில் குளிர்ந்த காற்றோடு சேர்ந்து வருவதால் சுடுவது தெரியாது. மாலையில் தோல் சிவந்து எரியும்போதுதான் தெரியும். சாண்ட்ஃப்ளை என்ற குட்டிக் கருப்பு ஈக்கள் கணுக்காலைத் தேடிக் கடிக்கும். பூச்சித் தைலம் வாங்கிக்கொள்ளுங்கள், காலுறையை இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள்.

கைபேசிச் சிக்னல் பல இடங்களில் இல்லை. டைடு டேபிளையும் முன்பதிவு உறுதியையும் காகிதத்தில் எடுத்துவையுங்கள். அவசர எண் 111. கூட யாரும் இல்லையென்றால் அவசரச் சமிக்ஞைக் கருவியை வாடகைக்கு எடுங்கள். எப்போது திரும்புவேன் என்று வெளியே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

8. அவரோவாவைக் கடக்கும்போது

வற்றத்துக்கு முன்பே கரைக்கு வந்து காத்திருங்கள். எதிர்க்கரையில் ஆரஞ்சு அடையாளம் தெரியும், அதை நோக்கியே நடக்க வேண்டும். அடியில் சிப்பி ஓடுகள் பரவிக்கிடக்கும். வெறுங்காலோடு போனால் கிழித்துவிடும். பழைய ஷூவோ பட்டை வைத்த செருப்போ போட்டுக்கொள்ளுங்கள். நடுக்கால்வாயில் முழங்கால் அளவுத் தண்ணீர் ஓடும். மழைக்குப் பிறகு அது கூடும், இழுப்பும் இருக்கும். பையின் இடுப்புப் பட்டையைத் தளர்த்திவிடுங்கள். தடுக்கி விழுந்தால் உடனே கழற்ற முடியும். முழுவதும் கடக்க அரைமணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளோடு என்றால் வற்றம் முழுதாகும் நேரத்திலேயே கடப்பது நல்லது.

தங்குமிடங்களில் வேக்கா என்ற பழுப்புநிறப் பறவை உலவும். பறக்காது, பயப்படாது, டென்ட் வாசலில் விட்ட ஷூ, கரண்டி, ரொட்டிப் பை எதையும் கவ்விக்கொண்டு புதருக்குள் ஓடும். எல்லாவற்றையும் உள்ளே வைத்து ஜிப்பை மூடுங்கள்.

9. திரும்பும் நாள்

படகு உங்களை ஏற்றும் கடற்கரைக்கு, சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்பாக வந்து நில்லுங்கள். ஏற்றும் இடமும் கடல் மட்டத்தைப் பொறுத்துக் கொஞ்சம் நகரும். அன்றே மாலை நெல்சனிலிருந்து விமானம் போடாதீர்கள்: காற்று பலத்தால் படகு தாமதமாகும், சாலையில் ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது. மோட்டுவேகாவிலோ நெல்சனிலோ ஓர் இரவு தங்கி, துணி துவைத்து, டென்ட்டை உலர்த்தி மடியுங்கள். ஈரத்தோடு கட்டினால் வீடு போய்ச் சேர்வதற்குள் பூஞ்சை பிடிக்கும். பாதி மிஞ்சிய காஸ் குப்பியைத் தங்கும் விடுதியில் கொடுத்துவிடுங்கள். அடுத்த நாள் பூங்காவுக்குக் கிளம்பும் யாராவது வாங்கிக்கொள்வார்கள்.